கார்டெலின் வீட்டு நாட்கள்

காலை ஐந்தரைக்கு ஐசக் லாரிக்குள்ளிருந்த மேல் படுக்கையிலிருந்து இறங்கினான். பூட்ஸ் மாட்டினான். கையுறை, டார்ச், டயர் தட்டும் கட்டை. லாரியின் முகப்பில் தொடங்கி இடப்பக்கமாக ஒரு சுற்று. எண்ணெய் அளவு பார்த்தான். பெல்ட்டை அழுத்திப் பார்த்தான். முன்னால் இரண்டு டயர், பின்னால் எட்டு, ட்ரெய்லரில் எட்டு. ஒவ்வொன்றுக்கும் ஒரு தட்டு. விளக்குகள் எரிந்தன. லாரியின் தலைக்கும் ட்ரெய்லருக்கும் நடுவே பிரேக்குக்குக் காற்று கொண்டுபோகும் இரண்டு ஏர் ஹோஸ் தொங்கும், சிவப்பு ஒன்று, நீலம் ஒன்று. அவற்றை மட்டும் இரண்டு தடவை பார்த்தான். பிறகு கம்பெனி கொடுத்த டாப்லெட்டில் 'குறை ஏதுமில்லை' என்று அழுத்தினான்.

கார்டெல் சாக்லேட் பாலும் தேன் பன்னுமாகக் கடையிலிருந்து வந்தான். வயது இருபத்தைந்து. அமெரிக்காவின் அர்கன்சா மாநிலத்தில் பைன் பிளஃப் என்ற ஊர்க்காரன். ஐசக்கைவிட ஆறு வயது சின்னவன். லாரி ஓட்ட வந்து ஒரு வருஷம்கூட முழுதாக ஆகவில்லை. கம்பெனிக்கு ஆள் போதவில்லை, அதனால் அவனே இப்போது பயிற்சியாளன். ஐசக் அவனிடம் வந்து நாலு வாரம் ஆகிறது.

"ஹோஸைப் பாத்தியா, காலேஜு?"

"பாத்தேன்."

"ரெண்டு தடவையா?"

"ரெண்டு தடவை."

முதல் வாரம் ஒஹையோவில் ஒரு கிடங்கில் ட்ரெய்லரை விட்டுவிட்டுக் கிளம்பும்போது ஐசக் ஹோஸைக் கழற்ற மறந்தான். ட்ரெய்லரின் முன்கால்களை இறக்கினான், கொண்டியை விடுவித்தான், ஏறி உட்கார்ந்து வண்டியை எடுத்தான். இரண்டு ஹோஸும் இழுபட்டு அறுந்தன. புது டிரைவர்கள் எல்லாரும் ஒருமுறை செய்கிற தப்புதான். ஆனால் அந்தச் சத்தம் பைன் பிளஃபில் தன் அம்மாவுக்கே கேட்டதாகக் கார்டெல் பார்க்கிறவர்களிடமெல்லாம் சொல்லி வந்தான்.

கல்லூரியில் புள்ளியியல் படித்தவன் என்பதால் ஐசக்குக்குக் 'காலேஜு' என்ற பெயர். மார்ச் மாதம் வரை மிச்சிகனின் வடகோடியில், பெல்நாப் என்ற சிற்றூரில், இன்சூரன்ஸ் ஆபீசில் இருந்தான். ஜனவரியில் அவன் மனைவி கைசா இறந்தாள். மூளையில் ஒரு ரத்தக்குழாய் வெடித்தது. இருபத்தொன்பது வயது. அதற்குப் பிறகு அந்த வீட்டில் அவனுக்குத் தூக்கம் வரவில்லை. சோபாவில் வரவில்லை, தரையில் வரவில்லை, காரில் கொஞ்சம் வந்தது. லாரி கம்பெனியின் விளம்பரத்தில் படுக்கையின் படம் போட்டிருந்தார்கள். லைசன்ஸ் எடுத்தான். இந்த மேல் படுக்கையில் படுத்த முதல் நாள் ஏழு மணி நேரம் தூங்கினான். ஏன் என்று அவனுக்குப் புரியவில்லை. யோசிக்கவுமில்லை.

அன்று திங்கட்கிழமை. கிளம்பப் போகிற நேரத்தில் போன் அடித்தது.

"ஐசக்கா? நான் ரெய்னோ பேசறேன்."

எந்த ரெய்னோ என்று அவனுக்குப் பிடிபடவில்லை.

"கல்லறைத் தோட்டத்து ரெய்னோப்பா. மண்ணு இளகிடுச்சு. நேத்து கம்பி விட்டுப் பாத்தேன், அஞ்சடிக்கு வழுக்கிட்டுப் போவுது. சனிக்கிழமை பதினோரு மணிக்கு உன் வீட்டுக்காரிக்கு வெச்சிருக்கேன். உள்ள மொத்தம் ஏழு பேர் இருக்காங்க. தோண்டற மெஷின் ரெண்டு நாள்தான் எங்கிட்ட இருக்கும். பாஸ்டரும் அன்னிக்குத்தான் வர்றாரு."

"எந்தச் சனிக்கிழமை?"

"வர்ற சனிக்கிழமைதான். உன் மாமியார் வீட்டுக்குச் சொல்லியாச்சு. நீ இப்ப எங்க இருக்க தம்பி?"

ஐசக் கண்ணாடி வழியாக வெளியே பார்த்தான். பெட்ரோல் விலைப் பலகை. நிறைய லாரிகள்.

"தெரியல. மிசூரின்னு நெனைக்கறேன்."

போனை வைத்த பிறகும் அவன் கையிலேயே பிடித்திருந்தான். பெல்நாபில் நவம்பர் தொடங்கிவிட்டால் மண்ணில் கடப்பாரை இறங்காது. குளிர்காலத்தில் சாகிறவர்களைத் தோட்டத்தின் ஓரத்தில் இருக்கும் கல் அறைக்குள் வைத்துப் பூட்டிவிடுவார்கள். மண் இளகியதும் அடக்கம். அவனுடைய தாத்தாவும் அப்படித்தான் காத்திருந்தார். இதெல்லாம் தெரிந்துதான் ஜனவரியில் அந்த அறையின் கதவு வரை போனான். அதன்பின் பனி உருகும் என்பதே அவனுக்கு மறந்துபோயிற்று. வேலை விண்ணப்பத்தில் ஒரு கேள்வி இருந்தது: 'எத்தனை வாரத்துக்கு ஒருமுறை வீட்டுக்குப் போக விரும்புகிறீர்கள்?' 'தேவையில்லை' என்று அவன் எழுதியிருந்தான்.

கார்டெலிடம் சொன்னான். கார்டெல் பன்னை மெல்லுவதை நிறுத்தினான்.

"இரு, இரு. ஜனவரில போனவங்களுக்கு இப்பத்தான் அடக்கமா?"

"ஆமா."

"இத்தனை நாள்..."

"மண்ணு உறைஞ்சிருந்தது."

கார்டெல் தொப்பியைக் கழற்றினான். மறுபடி போட்டுக்கொண்டான். "முதல்ல ட்ரீனாவைக் கூப்பிடு" என்றான்.

ட்ரீனா டெக்சஸ் ஆபீசில் இருந்தாள். நாற்பது லாரிகள் எங்கே போக வேண்டும், எந்த டிரைவர் எப்போது வீட்டுக்குப் போகலாம் என்பதெல்லாம் அவள் கையில். ஐசக் அவள் முகத்தைப் பார்த்ததில்லை.

"அய்யோ கண்ணு! கண்டிப்பாப் பாக்கறேன். நீ கவலப்படாம ஓட்டு" என்றாள்.

அவன் ஓட்டினான். செவ்வாய்க்கிழமை காலை டாப்லெட்டில் அடுத்த லோடு வந்தது. கான்சஸ் சிட்டியில் ஏற்றி, வியாழனன்று மெம்ஃபிசில் இறக்க வேண்டும். அங்கிருந்து கார்டெல் பைன் பிளஃபுக்குப் போகலாம், வெள்ளி முதல் ஐந்து நாள் அவனுக்கு வீட்டு நாள். பயிற்சியாளர் விடுமுறையில் இருக்கும்வரை பயிற்சி டிரைவருக்கு மெம்ஃபிஸ் மோட்டலில் அறை.

ஐசக் அதை மூன்று தடவை படித்தான்.

"ட்ரீனா பாக்கறேன்னு சொன்னாங்களே."

"எதுல சொன்னாங்க?"

"போன்ல."

"போன்லயா!" கார்டெல் ஸ்டியரிங்கை ஒரு தட்டுத் தட்டினான். "நாலு வாரமா என்னத்தடா உனக்குச் சொல்லிக்குடுத்தேன் நான்? ரிவர்ஸ் எடுக்கறதை மட்டுமா? போன்ல சொன்னது காத்தோட போச்சு மாப்ள. அவங்க நல்லவங்கதான், ஆனா நாப்பது பேரு இருக்கான் அவங்களுக்கு. டாப்லெட்ல அடிச்சா தேதியோட நிக்கும். அடி இப்பவே. எங்க, எப்ப, எத்தன மணிக்கு. எத்தன மணிக்குன்றது முக்கியம். சனிக்கிழமைன்னு மட்டும் போட்டா சனிக்கிழமை சாயங்காலம் கொண்டுபோய் வுடுவாங்க. அது அவங்க கணக்குல சனிக்கிழமைதான்."

ஐசக் அடித்தான். துக்க விடுப்புக்கு ஒரு படிவம் இருந்தது. இறந்தவர்: மனைவி. இறந்த நாள்: ஜனவரி 21. அடக்கம்: மே 17, காலை 11.

பத்து நிமிஷத்தில் பதில் வந்தது. 'கண்ணு, மாசத்தைத் தப்பா அடிச்சிருக்க. சரி பாரு.'

'சரியாத்தான் இருக்கு' என்று அடித்தான்.

'நாலு மாசம் அவங்க எங்க இருந்தாங்க?'

'காத்திருந்தாள்' என்று அடித்து, அழித்தான். 'மண்ணு உறைஞ்சிருந்தது. தோண்ட முடியாது.'

பிறகு வந்தது. 'மண்ணு உறையுமா?'

கார்டெல் எட்டிப் பார்த்தான். "அவங்க ஊர்ல ஐஸையே டீ கிளாஸ்லதான் பாத்திருப்பாங்க" என்றான்.

மதியம் ஆபீசிலிருந்து முழுப் பதில் வந்தது. துக்க விடுப்பு, இறந்த நாளிலிருந்து முப்பது நாளுக்குள் எடுத்தாக வேண்டும். பயிற்சி முடியும் வரை வீட்டு நாள் சேராது. போகக் கூடாது என்று யாரும் தடுக்கவில்லை. ஆனால் லாரியை விட்டு இறங்கினால் பயிற்சி ரத்தாகும். ஓட்டிய இருநூறு மணி நேரமும் போய்விடும். மறுபடி விண்ணப்பிக்கலாம், இடம் இருந்தால் கூப்பிடுவார்கள். கீழே ட்ரீனா தன் பங்குக்கு ஒரு வரி சேர்த்திருந்தாள்: 'நீ வீட்டு நாளே வேணாம்னு எழுதியிருக்க கண்ணு. அதைக் காட்டி என் வாயை அடைச்சிட்டாங்க. மன்னிச்சிடு.'

ஐசக் டாப்லெட்டை அதன் தாங்கியில் வைத்தான். மெம்ஃபிசில் இறங்கி விமானம் பிடிக்கலாம். போய்ச் சேரலாம். சனிக்கிழமை அடக்கம் முடியும். சனிக்கிழமை மாலை அந்த வீடு இருக்கும், அந்தச் சோபா இருக்கும். ஞாயிற்றுக்கிழமையும் இருக்கும். அதற்குமேல் அவனால் யோசிக்க முடியவில்லை. போகவேண்டும் என்று தனக்குத் தோன்றுகிறதா, போகாமலிருக்க ஒரு காரணம் கிடைத்ததில் நிம்மதியா, அதுவும் தெரியவில்லை. மேல் படுக்கையின் விரிப்பு ஓரம் கீழே தொங்கிக்கொண்டிருந்தது. அதை மடித்துச் சொருகினான்.

"இறங்கிடறேன்" என்றான்.

"எங்க?"

"மெம்ஃபிஸ்ல. மோட்டல் வேணாம்னு சொல்லிடு."

கார்டெல் இருபது மைல் போல ஓட்டினான். பிறகு லாரிகள் நிறுத்தும் இடம் ஒன்றில் ஒதுக்கி, பிரேக்கைப் போட்டு, டாப்லெட்டை எடுத்தான்.

"காலேஜு, எனக்கு வீட்டு நாள் இருக்குல்ல? அஞ்சு நாள்?"

"இருக்கு."

"அந்தப் படிவத்துல என்ன கேக்கறான் பாரு. 'வீட்டு நாளை எங்கே கழிக்க விரும்புகிறீர்கள்?' உன் வீடு எதுன்னு கேக்கல. எங்கேன்னு கேக்கறான். எங்க ஆளு ஒருத்தன் வருஷா வருஷம் லாஸ் வேகஸ்னு போடுவான். அவனுக்கு அங்க வீடா இருக்கு? ஒண்ணும் கிடையாது. கம்பெனி லோடு குடுத்து அனுப்பி வெக்கும்."

ஐசக்குக்குப் புரியவில்லை.

"லாரி என்னோடது. பயிற்சிக்கு வந்தவன் லாரி எங்க போவுதோ அங்க. உன் ஊரு எழுத்தைச் சொல்லு."

"கார்டெல், உங்க வீட்ல சனிக்கிழமை மீன் வறுக்கறாங்கன்னு சொன்னியே. நாலு வாரமா அதைத்தான் சொல்லிட்டிருக்க."

"மீனு ஆத்துல இருக்கும். ரெண்டு நாள் உங்க ஊரு, மூணு நாள் எங்க ஊரு. எழுத்தைச் சொல்லுடா."

ஐசக் சொன்னான். கார்டெல் ஒரு விரலால் அடித்தான். வெள்ளி மாலை நாலு மணி முதல், பெல்நாப், மிச்சிகன்.

ட்ரீனாவின் பதில் உடனே வந்தது. 'கார்டெல், உனக்கு மிச்சிகன்ல யாரு?'

'சொந்தக்காரங்க மேடம்.'

'அப்படியா. எந்த வழில?'

'அடக்கத்து வழில.'

அதன்பின் ஒரு மணி நேரம் டாப்லெட் வாயே திறக்கவில்லை. ஐசக் மூன்று தடவை கீழே இறங்கி டயர்களைச் சுற்றி வந்தான். எதற்கு என்று தெரியாமல் ஹோஸைத் தொட்டுப் பார்த்தான். கடைசியில் வந்தது. மெம்ஃபிஸ் லோடு ரத்து. அதற்குப் பதில் கான்சஸ் சிட்டியிலிருந்து அட்டைப் பெட்டிகள். வெள்ளி காலை எட்டு மணிக்கு விஸ்கான்சினில் கிரீன் பே, ட்ரெய்லரை அங்கேயே விட்டுவிடலாம். பெல்நாபுக்குத் தெற்கே ஒரு காகித ஆலையில் திங்கட்கிழமை லோடு எடுக்க ஒரு லாரி தேவைப்பட்டது, அதனால் மேலிடம் சம்மதித்தது. கீழே: 'அங்க இன்னிக்கு வெறும் நாப்பது டிகிரி ஃபாரன்ஹீட்தான் காட்டுது, குளிரும். கார்டெல், உங்கிட்ட கோட்டு இல்லன்னு எனக்குத் தெரியும். ஒண்ணு வாங்கிக்க.'

வெள்ளி காலை கிரீன் பேயில் ஐசக் ட்ரெய்லரை இரண்டாவது முயற்சியில் வரிசைக்குள் நிறுத்தினான். முன்கால்களை இறக்கினான். கொண்டியை இழுத்து விடுவித்தான். இன்னும் நாலு மணி நேரம் வடக்கே. ஏறி உட்கார்ந்து பிரேக்கின் மேல் கை வைத்தான்.

"பிடுங்கிட்டியா?" என்றான் கார்டெல், போனிலிருந்து தலை தூக்காமல்.

ஐசக் அப்படியே இருந்தான்.

"என்ன சொன்ன?"

"ஹோஸைப் பிடுங்கிட்டியான்னு கேட்டேன். இல்லல்ல? மூஞ்சியப் பாத்தாலே தெரியுது. போ, இறங்கு."

ஐசக் இறங்கினான். தலைக்கும் ட்ரெய்லருக்கும் நடுவே ஏறி நின்று சிவப்பைக் கழற்றினான், நீலத்தைக் கழற்றினான், விளக்கு ஒயரையும் கழற்றினான். திரும்பி வர அவனுக்கு நேரம் பிடித்தது. கார்டெல் ஹார்ன் அடிக்கவில்லை.

பெல்நாபில் மர நிழல்களில் இன்னும் பனி கிடந்தது. பனி உருகும்போது வரும் கடிக்கிற கருப்பு ஈக்கள் வந்துவிட்டிருந்தன. ட்ரெய்லர் இல்லாத வெறும் தலையை மர அறுவை ஆலையின் வெளியே நிறுத்திவிட்டு இருவரும் இறங்கினார்கள். கார்டெல் புதுக் கோட்டுக்குள் தோளைக் குறுக்கிக்கொண்டு எதிரே நின்ற கார்களைப் பார்த்தான். ஒவ்வொரு காரின் மூக்கிலிருந்தும் ஒரு ஒயர் எட்டிப் பார்த்தது, நுனியில் ப்ளக்கோடு.

"இங்க காரெல்லாம் கரண்ட்லயா ஓடுது?"

"குளிர்காலத்துல நைட்டு பூரா வீட்ல ப்ளக்ல மாட்டி வெக்கணும். எஞ்சினைச் சூடா வெச்சிருக்கும். இல்லன்னா காலைல ஸ்டார்ட் ஆவாது."

"காலைல கழட்டணுமா?"

"ஆமா."

கார்டெல் அவனை ஒரு மாதிரி பார்த்தான். "நீ கழட்டினியா?"

"டிசம்பர்ல ஒருநாள் மறந்துட்டேன். வண்டிய எடுத்தேன். சுவத்துல இருந்த ப்ளக் பெட்டியே பேந்துகிட்டு வந்துடுச்சு."

கார்டெல் முழங்காலைப் பிடித்துக்கொண்டு சிரித்தான். "அப்ப இது பழைய வியாதி! நான்கூட என் பயிற்சிதான் சரியில்லயோன்னு இருந்தேன்." பிறகு கேட்டான், "வீட்டுக்குப் போலயா?"

"இங்கயே படுத்துக்கறேன்."

கார்டெல் லாரிக் கதவைத் திறந்துவிட்டான்.

சனிக்கிழமை பதினோரு மணிக்கு முப்பது பேர் வந்திருந்தார்கள். கல் அறையின் கதவைத் திறந்து வைத்திருந்தார் ரெய்னோ. கைசாவின் அம்மா ஹெல்மி ஐசக்கின் கையைப் பிடித்தாள். ஜனவரியில் பார்த்ததைவிட இளைத்திருந்தாள். பக்கத்தில் நின்ற கார்டெலைப் பார்த்தாள்.

"இவரு யாரு?"

"என் பயிற்சியாளர், அத்தை."

"என்ன சொல்லித் தர்றீங்க, தம்பி?"

"ரிவர்ஸ் எடுக்கம்மா. இன்னும் வரல அவருக்கு."

ஹெல்மி சிரிக்கவில்லை, ஆனால் அவன் கையையும் பிடித்துக்கொண்டாள். "கை ஐஸா இருக்கே தம்பி, இந்தக் குளிர்ல" என்று கையைத் தேய்த்துவிட்டாள்.

பாஸ்டர் சின்ன மண்வெட்டியால் மூன்று முறை மணல் போட்டார். பெட்டி இறங்கியது. அந்த ஊர் வழக்கப்படி குழியை வீட்டு ஆட்களே மூடுவார்கள். ஐசக்குக்கு ஒரு மண்வெட்டி கொடுத்தார்கள். மண் ஈரமாக, கனமாக, மிருதுவாக இருந்தது. இது எப்படி கல்லாக இருந்தது என்று அவனுக்கு விளங்கவில்லை. அள்ளிப் போட்டான். கார்டெல் கேட்காமலே இன்னொரு மண்வெட்டியை எடுத்துக்கொண்டான். மெஷினில் உட்கார்ந்தபடி ரெய்னோ காத்திருந்தார், அவருக்கு இன்னும் மூன்று பேர் பாக்கி.

மண் மேடான பிறகு ஹெல்மி ஐசக்கின் அருகில் வந்து நின்றாள். ஜனவரியில் மூன்று தடவை கேட்டதையே கேட்டாள்.

"கடைசியா அவ என்ன சொன்னான்னு உனக்கு ஞாபகம் வந்துச்சா?"

மூன்று தடவையும் ஞாபகமில்லை என்று சொல்லியிருந்தான். அது பொய். அந்தக் காலை ஏழரை மணி அவனுக்கு முழுதாக நினைவிருந்தது. ஆனால் அதை ஒரு அம்மாவிடம் எப்படிக் கொண்டுபோய்க் கொடுப்பது என்று தெரியவில்லை. அது அத்தனை சின்னதாக இருந்தது.

"காரை எடுத்துட்டிருந்தேன் அத்தை" என்றான். "அவ சமையலறைக் கதவைப் பாதி திறந்து எட்டிப் பாத்தா. கைல டோஸ்ட் இருந்தது. குளிரு, அதனால வெளிய வரல. நான் கண்ணாடிய இறக்கினேன்."

"என்ன சொன்னா?"

கையில் இன்னும் மண்வெட்டி இருப்பதை ஐசக் அப்போதுதான் கவனித்தான். அதைக் கார்டெலிடம் கொடுத்தான். பிறகு அவள் சொன்னதை அப்படியே சொன்னான்.

"ஒயரைப் பிடுங்கிட்டியா? போன தடவ மாதிரி வீட்டையும் சேத்து இழுத்துட்டுப் போயிடாத."